இடப்பக்கம் மூன்றாவது முள்

ஜூலை 4, திங்கள்

விடியலிலிருந்தே தூறல். குண்டசாலையில் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம். குடையில் ஒரு கம்பி போச்சு.

புதுக் கொப்பி. வீட்டுக்காரர் கணேசன் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடையில் சும்மா கொடுத்தது, அட்டையில் சீமெந்து விளம்பரம். முதல் பக்கம், அதனால் விபரமாக எழுதுகிறேன். பிறகு திருப்பிப் பார்த்தால் எது என்ன என்று எனக்கே விளங்கவேண்டும்.

நூதனசாலை வேலையறையில் இரண்டே பேர். நான், நிஸார் நானா (முஸ்லிம் வீட்டில் அண்ணனுக்கு நானா). இரண்டு பேரும் தற்காலிகம். எனக்கு ஐந்து வருடம், அவருக்கு ஆறு. நிரந்தரப் பதவி வந்திருப்பது ஒன்று. நேர்முகம் 20ஆம் தேதி. கிடைக்காத ஆள் வருட முடிவில் வீட்டுக்கு. முடிவு எங்கள் பொறுப்பாளர் மெடத்தின் கையில்.

மெடம் யாழ்ப்பாணம். பசைக் குப்பியில் பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறார், எவ்வளவு குறைந்தது என்று பார்க்க. கஞ்சப் பிசினாறி. சிரித்தால் பல் தேய்ந்துவிடும் என்று பயம் போல.

வேலை: மொரோக்கோ நாட்டு முள் டிரைலோபைட். நாற்பது கோடி வருடத்துக்கு முந்திய கடல் பூச்சி, மரவட்டைக்கும் இறாலுக்கும் பிறந்த மாதிரி. முதுகு முழுக்க ஊசி ஊசியாக முள். கல் வியாபாரி ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. பாதி இன்னும் பாறைக்குள். முள்ளை விட்டுவிட்டு சுற்றியிருக்கும் பாறையை மட்டும் எடுக்கவேண்டும். முதலில் காற்றில் அதிரும் ஊசிப் பேனா, பிறகு மாவு ஊதும் குழாய். மைக்ரோஸ்கோப் ஒன்றுதான். காலையில் நான், இடப்பக்கம். ஒரு மணிக்குப் பிறகு நானா, வலப்பக்கம்.

சட்டம்: எது உடைந்தாலும் உடனே வேலைப் புத்தகத்தில் பதியவேண்டும். யார், எந்த இடம், என்ன பசை. மெடம் மாதத்துக்கு ஒருமுறை சொல்வது, "உடையிறது பிழையில்லை. ஒளிக்கிறதுதான் பிழை." சொல்லலாம். நேர்முகத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது எந்த மடைச்சி 'உடைவு' என்று பதிவாள்?

இன்று முடிந்தது: இ-1, இ-2, இ-3 (இடப்பக்க முள் மூன்று), அடிவரை. இ-3க்குப் பின்னால் பாறை சரியான கெட்டி. பன்னிரண்டரைக்கு அம்மாவின் மூன்றாவது போன். தெல்தோட்டை பஸ்ஸில் வந்து இறங்கி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மழையில் நிற்கிறாராம். பேனா ஒருமுறை வழுக்கி ஒரு துணுக்குத் தெறித்தது. கல்தான். தூளைத் தட்டில் ஊதித் தள்ளி, துணியால் மூடி, புத்தகத்தில் "உடைவு இல்லை" என்று கையெழுத்து, ஓட்டம்.

அம்மாவுக்கு வாங்கியது: கால்வலித் தைலம், நெத்தலி கால் கிலோ, பிளாஸ்டிக் வாளி. வாளியின் நிறம் பிடிக்கவில்லையாம்.

ஜூலை 5, செவ்வாய்

மழை இல்லை, மப்பு. கம்ப்ரெசர் மக்கர். காற்று இல்லை, அதனால் காலையில் கல்லைத் தொடவில்லை. திருத்துகிற ஆள் மூன்று மணிக்கு வந்தார்.

சும்மா இருக்கவிடுவாரா மெடம். பெயர்ச்சீட்டு வேலை. போன வெள்ளி என் போனில் எடுத்த படத்தைக் கம்பியூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். அன்பளிப்புச் செய்தவர் பெட்டியில் ஒட்டி அனுப்பிய பெயர் பிழையாம். முள் நிறைய இருப்பதால் முள் டிரைலோபைட் வரிசைக்குள் போட்டுவிட்டார்.

"முள்ளைப் பாத்துக் குடும்பம் சொல்லாதேங்கோ. முள்ளு எல்லாக் குடும்பத்திலயும் வரும். கண்ணைப் பாருங்கோ. ஒவ்வொரு வில்லையும் தனித்தனியா நிக்குது, பாத்தியளே?"

பார்த்தேன். தேன்கூட்டுக்கு மணி பதித்த மாதிரி. கண் அப்படி இருந்தால் ஃபகொப்பிடா வரிசை. அடுத்து, தோல் கழற்றும்போது தலை ஓடு பிளக்கிற கோடு எங்கே முடிகிறது என்று பார்ப்பது. பிறகு உடல் வளையம் எண்ணுவது (பதினொன்று). பிறகு வால் முள் (ஐந்து சோடி). அத்தனையும் பார்த்த பிறகுதான் பெயர்: கொமூரா. மெடத்துக்கு முள்ளில் நம்பிக்கையில்லை, கண்ணில் நம்பிக்கை. எனக்கு இரண்டிலும் இல்லை.

நிஸார் நானா காலையிலேயே வந்துவிட்டார். அவர் நேரம் ஒரு மணி. நோன்பு வேறு, முகம் வாடிப்போய். ஏதோ சொல்ல வந்த மாதிரி, "தங்கச்சி..." என்றார். "என்னா நானா?" என்றேன். ஒன்றுமில்லை என்று போய்விட்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி எட்டிப் பார்த்தது. கல் வியாபாரிகள் இரத்தினக்கல் மடிப்பார்களே, அதே மடிப்பு. இங்கே வருமுன் இருபது வருடம் கல் பட்டை தீட்டியவர். பழக்கமாக இருக்கும். ஆனால் உள்ளே என்ன?

நாலரைக்கு நான் புறப்படும்போதும் மைக்ரோஸ்கோப்பில். நோன்பு திறக்க வீட்டுக்குப் போகாமல் இந்த மனுசனுக்கு என்ன வேலை?

ஜூலை 6, புதன்

பெருநாள் லீவு. உடுப்புத் துவைத்தது. காயவில்லை.

ஜூலை 7, வியாழன்

வேலையறைக் கதவைத் திறந்ததும் அசிட்டோன் மணம். பசை கரைக்கிற மணம். யார் ஒட்டினார்கள்? புத்தகத்தில் பதிவு இல்லை. பசைக் குப்பியில் மெடம் போட்ட கோட்டுக்கு ஒரு நூல் கீழே. முதல்முறையாக அந்தக் கஞ்சத்தனத்துக்கு நன்றி.

நானா பெருநாள் வட்டிலாப்பம் கொண்டுவந்தார். பெரிய கிண்ணம். போன வருடம் சின்னக் கிண்ணம்தானே? சாப்பிட்டேன். நல்லாயிருந்தது. அதுதான் யோசனை.

இன்று வால்பக்கம் மட்டும் வேலை.

ஜூலை 8, வெள்ளி

மழை. கண்டுபிடித்துவிட்டேன்.

இ-3. அடியில் ஒரு மயிர்க்கோடு. நீல டார்ச் அடித்தால் கோடு வெளிறித் தெரிகிறது. பசை. போன வெள்ளி எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தேன். படத்தில் முள் நேராக நிற்கிறது, இப்போது வாலைப் பார்த்துச் சற்றே சாய்வு. இது நான் சுத்தம் செய்த முள் இல்லை. அல்லது அதே முள், யாரோ கழற்றிப் பூட்டியது.

என் பக்கத்து முள்ளில் அவருக்கு என்ன வேலை?

 மெடத்திடம் போகலாமா என்று எழுந்தேன். அவர் கூட்டத்தில். நல்லதாகப் போச்சு, ஆதாரம் சேரட்டும்.

ஜூலை 9, சனி

கணேசனிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார்.

"ஒரு முள்ள கழட்டி வித்து அந்த மனுசன் என்னா பங்களாவா கட்டப் போறாரு?"

"ஒரு முள்ளுன்னு யாரு சொன்னா? முழுசையும் மாத்தியிருந்தா?"

"தவமணி, ஒனக்கு சாமி மேலயே சந்தேகம். தீபாராதன காட்டுறப்பகூட ஐயரு தட்டையே பாத்துக்கிட்டு நிப்ப."

சிரிப்பு வேறு. இந்த ஊரில் பட்டை தீட்டக் கொடுத்தது ஒரு கல், திரும்பி வந்தது இன்னொரு கல் என்று எத்தனை கதை கேட்டிருக்கிறோம். பிசினில் வார்த்த போலி டிரைலோபைட் உலகமெல்லாம் விற்பனையாகிறது என்று மெடமே சொல்லியிருக்கிறார். கணேசனுக்கு ஆணி, போல்ட் தவிர என்ன தெரியும்.

சம்பலுக்கு உப்புக் கூடிவிட்டது. அதற்கும் என் சந்தேகம்தான் காரணமாம்.

ஜூலை 10, ஞாயிறு

யோசித்து எழுதியது:

– மடித்த கடதாசி (செவ்வாய்).
– நேரம் தப்பி வந்தது, நேரம் தப்பி நின்றது (செவ்வாய்).
– அசிட்டோன், பசைக் கோடு (வியாழன்).
– வட்டிலாப்பம். (இது ஆதாரமில்லை. இருந்தாலும்.)
– கொஞ்ச நாளாக மைக்ரோஸ்கோப்புக்கு மேலே கல் சோதிக்கும் தன் பழைய பூதக்கண்ணாடியையும் வைத்து இரட்டையாகப் பார்க்கிறார். எதை அப்படிப் பார்க்கவேண்டும்?
– என்னைக் கண்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

எதிர்ப்பக்கம்: ஆறு வருடத்தில் ஒரு நூல் துண்டு கூட எடுத்ததில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் வேலையையும் சேர்த்துச் செய்தார்.

எனக்கு அந்தப் பதவி வேண்டும் என்பதால்தான் இப்படியெல்லாம் தோன்றுகிறதா? கேட்டுப் பார்த்தேன், என்னையே. இல்லை என்றுதான் பதில் வந்தது. உடனே வந்தது, அதுவும் ஒரு மாதிரி.

ஜூலை 11, திங்கள்

வாயைக் கிண்டிப் பார்த்தேன்.

"நானா, முள்ளெல்லாம் நல்லா இருக்குதா? இடப்பக்கம் பாத்தீங்களா?"

அரைக் கணம் கை நின்றது. அரைக் கணம்தான். நான் பார்த்தேன்.

"எல்லாம் சரியா ஈக்கி தங்கச்சி. நீங்க ஒங்கட வேலய பாருங்க. இன்டவ்யூக்கு படிங்க."

உங்கள் வேலையைப் பாருங்கள்! ஐந்து வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரவுவரை நெஞ்சு எரிந்தது. வடையாகவும் இருக்கலாம்.

ஜூலை 12, செவ்வாய்

அரை நாள் லீவு. காரணம்: பல்வலி (பொய்).

வத்தேகம போனேன். கண்டியில் தெரிந்த முகம் அதிகம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கொமியூனிகேஷன் கடை, தமிழ் டைப் செய்கிற அம்மா ஒருவர். பெட்டிசம், புகார்க் கடிதம் என்றதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. நான் சொல்லச் சொல்ல விறுவிறு என்று அடித்தார். நடுவில் இரண்டு இடத்தில் எனக்கே வசனம் எடுத்துக் கொடுத்தார்.

"கையெழுத்து?"

"வேணாங்க."

"அப்ப 'உண்மையை விரும்பும் பொதுமக்கள்'னு போடுறேன். எல்லாரும் அதான் போடுவாங்க."

எழுதியது, ஞாபகத்துக்கு: மதிப்புக்குரிய அம்மையார் அவர்களுக்கு, தங்கள் நூதனசாலையின் விலைமதிப்பற்ற டிரைலோபைட்டின் இடப்பக்கம் மூன்றாவது முள் அகற்றப்பட்டு, வேறொன்று பசையால் ஒட்டப்பட்டுள்ளது. வேலைப் புத்தகத்தில் பதிவில்லை. முழு உருவமும் மாற்றப்பட்டிருக்கலாம் எனப் பொதுமக்கள் அஞ்சுகின்றனர். கல் வியாபாரத் தொடர்புள்ள ஊழியரை விசாரிக்கவும்.

வத்தேகம தபால் பெட்டியிலேயே போட்டேன்.  கத்தரிக்காய் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். அங்கே மலிவு.

ஜூலை 13, புதன்

ஒன்றும் நடக்கவில்லை. நானா முறுக்குக் கொடுத்தார். பல்வலி என்று வாங்கவில்லை. "கராம்பு வெய்ங்க" என்றார். மனசு என்னவோ செய்தது.

ஜூலை 14, வியாழன்

மழை, காற்று. மெடத்தின் மேசையில் மண்ணிற உறை, திறந்தது. மெடம் எங்களோடு பேசவில்லை. பின்னேரம் தானே வந்து மைக்ரோஸ்கோப்பில் ஒரு மணித்தியாலம். நீல டார்ச்சும் கையில்.

ஜூலை 15, வெள்ளி

எழுதவேண்டும், கை வரவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணி. மெடம் இருவரையும் கூப்பிட்டார். பெட்டிசத்தைச் சத்தமாக வாசித்தார். 'பொதுமக்கள் அஞ்சுகின்றனர்' என்ற இடத்தில் கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார்.

"முள்ளை ஒட்டினது ஆர்?"

நானா எழுந்து நின்றார். "நான்தான் மெடம்."

மெடம் பஞ்சில் அசிட்டோன் தொட்டு இ-3இன் அடியில் வைத்தார். காத்திருந்தோம். சுவரில் மணிக்கூடு. முள் தானாகக் கழன்று வந்தது. முறிந்த இரண்டு முகத்தையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். இரண்டும் அச்சாகப் பொருந்துகிறது. உள்ளே பளிங்குத் தன்மை. கல்தான். பிசினும் இல்லை, போலியும் இல்லை, ஒன்றும் மாறவில்லை.

"வேலை திறமான வேலை. ஆனா ஏன் பதியேல்லை?"

நானா பஞ்சை எடுத்துக் கூடையில் போட்டார்.

"ஆர் உடைச்சது?"

"நான் இல்ல மெடம்."

"அப்ப ஆர்?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறையில் இருப்பது மூன்று பேர். அவர் இல்லை, மெடம் இல்லை. அப்படியென்றால் மிச்சம் நான்தானா? எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. "நான் உடைக்கல மெடம்! வேலப் புத்தகத்துல எல்லா நாளும் 'உடைவு இல்ல'ன்னு கையெழுத்து இருக்குங்க!" என்றேன். கத்திவிட்டேன் என்றே சொல்லவேண்டும். நானா திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், பார்த்தார்.

தீர்ப்பு: பதியாமல் ஒட்டியது ஒளிப்பு. நானாவின் பெயர் நேர்முகப் பட்டியலிலிருந்து எடுபட்டது. திங்கள் முதல் வரவேண்டாம், பிறகு அறிவிக்கப்படும். சாவியை மேசையில் வைத்தார். கூடவே தன் பூதக்கண்ணாடியையும் வைத்துவிட்டு, அது தன் சொந்தம் என்று ஞாபகம் வந்து, திரும்ப எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு மெடம் பெட்டிசத்தை மடித்தபடி சொன்னது, "இதை எழுதின ஆள் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ பாத்த ஆள், தவமணி. வெளியில நிண்டு பாத்தா அந்தக் கோடு தெரியாது. இந்தக் கட்டடத்தில அப்பிடிப் பாக்கிறது ரெண்டு பேர்."

நான் முள்ளை மூடும் துணியை மடித்தேன். அவரும் மேலே கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஜூலை 16, சனி

எனக்குப் போட்டி இல்லை. வேலை கிடைத்த மாதிரிதான். கணேசன் கோழி வாங்கி வந்தார். இறங்கவில்லை.

"என்னா, இப்ப யாரு மேல சந்தேகம்?"

"சும்மா இருங்க."

ஜூலை 18, திங்கள்

வெயில்! ஒரு மாதத்துக்குப் பிறகு.

மெடம் நானாவின் மேசை லாச்சியைத் துப்புரவாக்கித் தரச் சொன்னார். வேறு யாரையாவது சொல்லியிருக்கலாம். சோதனை பார்க்கிறாரோ?

லாச்சியில்: தொழுகைத் தொப்பி, கண் சொட்டு மருந்து இரண்டு குப்பி, உடைந்த சீப்பு, காலண்டர் தாளில் வெட்டிய கல் மடிக்கும் கடதாசி ஒரு கட்டு. எல்லாம் வெறும் தாள். ஒன்றைத் தவிர. அது மடித்துப் பிரித்தது, உள்ளே ஒன்றுமில்லை, நடுவில் முள்ளளவுக்கு ஒரு தடம். மேலே பென்சிலால், அவர் எழுத்து: "4/7. இ-3. காலைத் தட்டில்."

காலை.

காலை என்றால் நான்.

முதலில் தோன்றியது, என்னை மாட்டவைக்க எழுதிவைத்திருக்கிறார் என்று. அப்படித்தான் என் புத்தி போகிறது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை ஏன் காட்டவில்லை? லாச்சியிலிருந்து எடுத்து மெடத்தின் முன்னால் வைத்தால் முடிந்தது கதை. வைக்கவில்லையே.

வீட்டுக்கு வந்து இந்தக் கொப்பியைத் திருப்பினேன். முதல் பக்கம். "பேனா ஒருமுறை வழுக்கி ஒரு துணுக்குத் தெறித்தது. கல்தான்."

என் கையெழுத்து. நானேதான்.

கதிரையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கணேசன் லைட் போட்டார். "அழுறியா?" என்றார். ஆமாம் என்றேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இப்படி வெட்கப்பட்டதே இல்லை.

ஜூலை 19, செவ்வாய்

பௌர்ணமிப் போயா லீவு. கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன், நானாவின் வீட்டுக்கு. ஐந்து வருடப் பழக்கம், இதுதான் முதல் தடவை.

அவர் மனைவி உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார், பிளேன்டீ கொடுத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நானா முன்னறையில் பேப்பரை மூக்கில் ஒட்டிய மாதிரிப் பிடித்திருந்தார். நான் கடதாசியைக் காட்டினேன்.

"நீங்கதான் எடுத்து வச்சீங்களா நானா?"

"ஒங்கட காலத் தட்ட கவுத்துத் தட்டக்கொள்ள வெள்ளத் தாள்ல முள்ளு விழுந்த. கல்லு வேல செஞ்சவன் தூச அப்பிடியே வீச மாட்டான்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"செல்லத்தான் செவ்வாக்கெழம வெள்ளனயே வந்த. தங்கச்சீண்டு கூப்பிட்ட. நீங்க என்ட சட்டப் பையயே பாத்துக்கிட்டு நின்ட. எனக்கு நாக்கு வரல்ல."

"பதிஞ்சிருக்கலாம்ல?"

"பதிஞ்சா ஒங்கட பேரு. இன்டவ்யூ வர நேரம்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் ஒண்டும் பாவமே அறியாத வலியுல்லா இல்ல தங்கச்சி. நீங்க வேலய உட்டுப் பெய்த்தா இடப்பக்கத்தயும் நான்தான் செய்யணும். என்ட கண்ணுல பூ விழுந்தீக்கி, ரெண்டுலயும். ஒரு கெழமைல மெடத்துக்கு வெளங்கிரும். அதுக்கும் சேத்துத்தான் ஒட்டின."

கண்ணாடிக்கு மேல் கண்ணாடி. சொட்டு மருந்து. நான் எழுதிவைத்த ஆதாரமெல்லாம்.

"பெட்டிசம் நீங்கதானே?"

தலையாட்டினேன்.

"கோவமில்லண்டு செல்ல மாட்டேன்" என்றார். "ஆறு வருசம் செஞ்ச வேல." எழுந்து உள்ளே போய்விட்டார். மனைவி வந்து தேத்தண்ணியைக் குடிக்கச் சொன்னார். பாதிதான் குடித்தேன். வாசலில் செருப்பு எது என்னுடையது என்று சட்டெனத் தெரியவில்லை.

ஜூலை 20, புதன்

மழை இல்லை. நேர்முகம் பத்து மணிக்கு. இப்போது ஒன்பது பத்து. மெடத்தின் அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

எட்டரைக்கே வந்து வேலைப் புத்தகத்தில் சிவப்புப் பேனையால் பதிந்தேன்: இ-3. உடைத்தது தவமணி, 4ஆம் தேதி காலை. ஒட்டியது நிஸார். பதிந்தது இன்று. பிறகு மெடத்திடம் போய்ச் சொன்னேன். பெட்டிசத்தைத் தவிர எல்லாம் சொன்னேன். 

மெடம் நானாவின் கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது அவர் எழுதினது. அவருக்காக நீங்கள் பொய் சொல்லுறியள் எண்டும் நினைக்கலாம். வேற ஏதும் இருக்கோ?"

எனக்கே சிரிப்பு வந்தது. என்னை விட மோசம் இந்த மனுசி.

"நான் அன்னைக்கே எழுதினது இருக்குங்க மெடம். டயரியில."

"காட்டுங்கோ."

கையை நீட்டினார். ஐந்து நிமிடம் தாருங்கள் என்று கேட்டு வெளியே வந்தேன்.

முதல் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுக்கலாம். அதே பக்கத்தில்தான் கஞ்சப் பிசினாறி, பல், எல்லாம். அதைவிட, ஒருத்தி நாட்குறிப்பிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தால், மற்றப் பக்கத்தில் என்ன என்றுதான் நான் முதலில் கேட்பேன். கொடுத்தால் முழுக் கொப்பிதான்.

ஆனால் நேற்றையதில் நானாவின் கண் இருக்கிறது. போன் எடுத்தேன். நாலாவது ரிங்கில் எடுத்தார்.

"நானா, கொப்பிய மெடத்துக்கிட்ட குடுக்கப் போறேன். பெட்டிசமும் அதுல இருக்கு, ஒங்க கண்ணும் இருக்கு. வேணாம்னா சொல்லுங்க, குடுக்கல."

 பின்னால் ரேடியோ. 

"குடுங்க" என்றார். "ஒளிச்சி ஒளிச்சி எனக்கும் களச்சிப் பெய்த்து."

மெடம், 12ஆம் தேதிக்கு வரும்போது நிறுத்தாமல் வாசியுங்கள். அந்தப் பொதுமக்கள் நான்தான். பசைக் குப்பிக் கோட்டைப் பற்றி எழுதியதும் நான்தான், மன்னிக்கவேண்டும். பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுப்பதென்றால் என் பெயரை எடுங்கள். இன்னும் ஒன்று. வலப்பக்கத்தை ஒருமுறை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். முழுக்க அந்தக் கண்ணோடு செய்தது. ஒரு முள்கூட உடையவில்லை.

கூப்பிடுகிறார்